காலி டம்ளர் விஷயமாகச் சம்பந்திக்கு ஒரு விளக்கம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் உங்கள் சம்பந்தியம்மாளும் சுகம். உங்கள் விடுதியும் நீங்கள் விட்டுச்சென்ற இடத்திலேயே பத்திரமாக நிற்கிறது. முழங்கால் அறுவை முடிந்து நீங்கள் உங்கள் மூத்த மகள் வீட்டில் காலை நீட்டி ஓய்வெடுக்கும் நேரத்தில் இவ்வளவு நீளமான கடிதத்தை அனுப்புவதற்கு மன்னிக்க வேண்டும். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் முக்கியமான இடத்துக்கு வரும்போதெல்லாம் நீங்கள் "சரி சம்பந்தி, வச்சிடட்டுமா" என்பீர்கள். கடிதத்தில் உங்களுக்கு அந்த வசதி கிடையாது.

நமது சமையல் மாஸ்டர் முந்திக்கொண்டு உங்களுக்குப் போன் செய்து, வந்த விருந்தாளியை நான் பானகத்தில் முக்கிக் கொல்லப் பார்த்தேன் என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். மாஸ்டர் கைப்பக்குவத்தில் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆனால் உப்பை அளந்து போடுகிற மனுஷன் பேச்சை அளந்து போடுவதில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்த சங்கதியும் நடுவில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். தீயணைப்பு நிலையத்தில் ஆயுசைக் கழித்தவனுக்கு எதையும் மணி அடித்ததிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் திருப்தி.

வெளிநாட்டுப் பயணிகளை அழைத்து வரும் அந்த நிறுவனம் நம் விடுதியைத் தங்குமிடமாகச் சேர்த்துக்கொண்டால் வருஷம் முழுக்க அறைகள் நிரம்பும், மாப்பிள்ளையும் என் மகளும் இங்கேயே இருந்துகொண்டு விடுதியைப் பார்த்துக்கொள்வார்கள். சேர்த்துக்கொள்ளாவிட்டால், கடலுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு ஹோட்டலில் மாப்பிள்ளைக்குக் காத்திருக்கும் வேலைக்கு இரண்டு பேரும் மூட்டை கட்டிவிடுவார்கள். இதை நீங்கள் என்னிடம் சாதாரணமாகத்தான் சொன்னீர்கள். நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு இருப்பது ஒரே மகள். அவள் தெருக்கோடியில் குடியிருக்கும்போதே காய் வாங்கப் போகிற சாக்கில் ஒருதரம், காய் வாங்கி வருகிற சாக்கில் ஒருதரம் என்று எட்டிப் பார்த்துவிட்டு வருகிறவன் நான். அவள் விமானத்தில் போய்ச் சேருகிற தூரத்துக்குப் போய்விட்டால் எந்தக் காயைச் சாக்காக வைத்துப் போவேன்?

அந்த நிறுவனத்தின் பயணிகளுக்கு ஊர் ஊராகப் பாட்டில் சோடாவும் பொடி போட்ட டீயும் குடித்துக் குடித்து நாக்கே மரத்துவிட்டது என்றும், நம் நாட்டுப் பழைய பானங்களைக் கொடுக்கிற இடமாகப் பார்த்துத்தான் தங்க வைக்கப் போகிறார்கள் என்றும், ருசி பார்க்க ஒருவர் வெள்ளிக்கிழமை வருவார் என்றும் சொல்லிவிட்டுப் போனீர்கள். "எல்லாத்துலயும் ஒரு வாய் கொடுத்தாப் போதும் சம்பந்தி. சின்ன கிளாஸ் அலமாரியில இருக்கு" என்றும் சொன்னீர்கள். நீங்கள் சொன்னதை மீறினேன் என்று மாஸ்டர் சொல்லியிருப்பார். உண்மைதான், மீறினேன். அந்தக் கிளாஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிற அளவுக்கு மேல் அதில் பிடிக்காது. இவ்வளவு தூரம் வருகிற மனுஷனுக்கு இதில் ஊற்றிக் கொடுத்தால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்று, அதை அலமாரியிலேயே வைத்துவிட்டுச் சாப்பாட்டு அறையிலிருந்து பெரிய எவர்சில்வர் டம்ளர்களை எடுத்துத் துடைத்து வைத்தேன்.

இங்கே என் உத்தியோகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் நிலையத்தில் சுவரோரமாகச் சிவப்பு வாளிகள் தொங்கும். அதில் ஒன்று காலியாக இருந்தாலும் மேலதிகாரி என்னைத்தான் பிடித்துக்கொள்வார். அதனால் காலியான பாத்திரம் எதைக் கண்டாலும் என் கை சும்மா இருப்பதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் பூவில்லாத ஜாடியில்கூடத் தண்ணீர் ஊற்றி வைத்துவிடுவேன். உங்கள் சம்பந்தியம்மாள் இதைப் பற்றி உங்கள் வீட்டம்மாவிடம் நிறையச் சொல்லியிருப்பாள்.

வெள்ளிக்கிழமை வர வேண்டியவர் வியாழக்கிழமையே வந்து இறங்கினார். மாப்பிள்ளையும் மகளும் அன்றைக்குத்தான் அந்த வெளிநாட்டு வேலைக்கான உடல் பரிசோதனைக்கு நகரத்துக்குப் போயிருந்தார்கள். விடுதியில் நானும் என் மனைவியும் மாஸ்டரும் மட்டும்தான். வந்தவர் நல்ல உயரம். உள்ளே நுழையும்போதே நிலைப்படியில் நெற்றியை இடித்துக்கொண்டு, இடித்துக்கொண்டதற்கும் "நன்றி" என்றார். நம் பாஷையில் அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு வார்த்தைதான். மாஸ்டர் அந்த நிமிஷமே அவருக்கு நெட்டையார் என்று பெயர் வைத்துவிட்டார். கூடவே இரண்டு பாஷையும் தெரிந்த ஒரு வழிகாட்டியம்மா வந்திருந்தார். முந்தின ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்தே வந்ததாகச் சொல்லிக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். சாயங்கால ரயிலில் இரண்டு பேரும் கிளம்பியாக வேண்டும் என்றார். "ஒரு மணி நேரம் போதும் சார், சும்மா ருசி பார்த்துட்டுப் போயிடுவாரு" என்றார்.

அந்த அம்மாவுக்கு முதலில் லஸ்ஸி கொடுத்தது என் தப்புத்தான். மாஸ்டர் கெட்டித் தயிரைக் கடைந்து, மேலே ஏடு மிதக்க, கையில் வாங்கினாலே கை தாழ்கிற கனத்தில் ஒரு லஸ்ஸி செய்வாரே, அதுதான். அம்மா குடித்து முடித்தார், பிரமாதம் என்றார், சோபாவில் சாய்ந்தார், அவ்வளவுதான். குறட்டை வரவில்லை, ஆனால் வருகிற தோரணை இருந்தது. வந்த இடத்தில் தூங்குகிற பெண்பிள்ளையை எழுப்புவது மரியாதையில்லை என்று என் மனைவி ஒரு போர்வையைக் கொண்டுவந்து போர்த்திவிட்டாள். ஆக, எங்களுக்கும் நெட்டையாருக்கும் நடுவில் இருந்த ஒரே பாலம் போர்வைக்குள் போய்விட்டது.

நான் பானகத்திலிருந்து ஆரம்பித்தேன். வெயிலில் வருகிறவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? வெல்லம் கரைத்து, எலுமிச்சை பிழிந்து, சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டு, மண்பானையில் குளிர வைத்திருந்தோம். நெட்டையார் ஒரு மடக்குக் குடித்தார். புருவம் மேலே போனது. மிச்சத்தையும் குடித்துவிட்டு "நன்றி" என்று டம்ளரைக் கீழே வைத்தார். காலி டம்ளர். நான் நிரப்பினேன். அவர் என்னைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார், எடுத்துக் குடித்தார், "நன்றி" என்று வைத்தார். மறுபடியும் காலி. சம்பந்தி, நீங்களே சொல்லுங்கள், ஒரு மனுஷன் உங்கள் எதிரில் சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டு டம்ளரை நகர்த்தி வைத்தால் அதற்கு என்ன அர்த்தம்? எனக்குத் தெரிந்தவரை ஒரே அர்த்தம்தான். நிரப்பினேன்.

என் மனைவி சமையலறை வாசலில் நின்று, "ஏங்க, பாவம், ரொம்ப நாளா தண்ணியே குடிக்காம வந்திருப்பாரு போல" என்றாள். மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. தான் செய்ததை ஒருத்தர் இப்படி இழுத்துக் குடிப்பதை அவர் பார்த்ததே இல்லையாம். "பானகத்தோட நிறுத்தாதீங்க சார், நன்னாரி எடுங்க" என்றார். இதை அவர் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார். நன்னாரி வேரின் வாசனை வந்ததும் நெட்டையார் கண்ணை மூடிக்கொண்டார், அது சந்தோஷத்தில்தான், நான் கிட்டே நின்று பார்த்தேன். அதையும் காலி செய்தார். அப்புறம் நீர்மோர், கறிவேப்பிலையும் இஞ்சியும் பெருங்காயமும் போட்டது. அப்புறம் சுட்ட மாங்காயைப் பிசைந்து செய்கிற அந்த வடக்கத்திப் பானம். அதை மாஸ்டர் எங்கே கற்றுக்கொண்டார் என்று கேட்டால் ஒவ்வொரு தரம் ஒவ்வொரு ஊர் சொல்கிறார். அப்புறம் சீரகமும் புதினாவும் அரைத்துக் கலந்த பச்சைத் தண்ணீர், அது மூக்கு வரைக்கும் போய் மூளையைத் தட்டிவிட்டு வரும். ஒவ்வொன்றையும் அவர் குடித்தார், நான் நிரப்பினேன், அவர் குடித்தார். எத்தனை டம்ளர் என்று மாஸ்டர் ஒரு கணக்கு சொல்லியிருப்பார். விருந்தாளி குடிப்பதை எண்ணுகிற வழக்கம் எனக்கில்லை.

ஒரு கட்டத்தில் வேகம் கொஞ்சம் குறைந்ததைக் கவனித்தேன். இடுப்பு பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்தினார். "நன்றி" என்பதை மட்டும் விடவில்லை, ஆனால் சத்தம் போகப் போக மெலிந்து, கடைசியில் மேலே இருக்கிற மின்விசிறியைப் பார்த்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். டம்ளரின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். நம் வீட்டுப் பந்தியில் இலையைக் கையால் மறைத்து "போதும் போதும்" என்றால் என்ன செய்வோம்? கைக்கும் இலைக்கும் நடுவில் இருக்கிற சந்தில் இன்னொரு கரண்டி வைப்போம். வைக்காவிட்டால் அடுத்த கல்யாணம் வரை பேச்சு வரும். அந்தப் பழக்கத்தில் நானும் அவர் விரலை அன்போடு விலக்கிவிட்டு ஊற்றினேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் அப்போது பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அவர் எழுந்து நின்று நாலு பக்கமும் தேடினார். அடுத்த பானம் எங்கே என்று தேடுகிறார் என்று நினைத்துக் கையைப் பிடித்துச் சமையலறைக்கு அழைத்துப் போய்ப் பானைகளைத் திறந்து காட்டினேன். மாஸ்டர்தான், "சார், அவர் தேடுறது வேற ரூம் சார்" என்றார். அந்த ஒரு புத்திசாலித்தனத்துக்காக அவர் செய்த மற்றதையெல்லாம் மன்னித்துவிடுகிறேன். நெட்டையார் கழிவறைக்குள் ரொம்ப நேரம் இருந்தார். நமக்குப் பதைப்பு இருக்குமா இருக்காதா? கதவுக்கு வெளியே நானே நின்றேன். அவர் வெளியே வந்ததும் செரிமானத்துக்கு நல்லது என்று சுக்குமல்லிக் காப்பியை நீட்டினேன். அவர் அப்படியே திரும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இந்தச் சந்தடியில் வழிகாட்டியம்மா விழித்துக்கொண்டார். கழிவறையிலிருந்து மெல்ல வந்து எதிர் சோபாவில் மல்லாந்து கிடந்த நெட்டையாரையும், மேஜை மேல் நின்ற டம்ளர்களையும், ஜக்கோடு நின்ற என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன சார் பண்ணீங்க?" என்றார்.

"உபசாரம் பண்ணினேன்மா."

அவர் நெட்டையாரிடம் அவர் பாஷையில் ஏதோ கேட்டார். நெட்டையார் கண்ணைத் திறக்காமல் மெதுவாகப் பதில் சொன்னார். கேட்கக் கேட்க அந்த அம்மாவின் முகம் ஒரு மாதிரி கோணிக்கொண்டே போனது.

"சார், இவங்க ஊர்ல கொடுத்ததுல கொஞ்சம் மிச்சம் வச்சா, கொடுத்தவங்களை அவமானப்படுத்தின மாதிரி. நீங்க வருத்தப்படக் கூடாதுன்னுதான் ஒவ்வொரு தடவையும் காலி பண்ணியிருக்காரு. நீங்க ஏன் சார் ஊத்திக்கிட்டே இருந்தீங்க?"

"அவர் காலி பண்ணிக்கிட்டே இருந்தாரேம்மா."

என் கையில் இருந்த ஜக்கை என் மனைவி வந்து வாங்கிக்கொண்டு போனாள். அவர்கள் போக வேண்டிய ரயில் அதற்குள் போயே விட்டது. போயிருக்காவிட்டாலும் அவரை அந்த நிலையில் ஏற்ற முடியாது. மாடி அறையைத் திறந்துவிட்டு, நானும் மாஸ்டரும் ஆளுக்கொரு தோளாகப் பிடித்து, குலுங்காமல் படியேற்றினோம். தீப்பிடித்த வீட்டிலிருந்து எத்தனையோ பேரை இறக்கியிருக்கிறேன், நானே தண்ணீர் ஊற்றி நிரப்பிய ஒருத்தரை ஏற்றியது இதுதான் முதல் தடவை.

இருட்டுகிற வேளையில் மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். பரிசோதனையில் எல்லாம் சரியாக இருக்கிறதாம், இனி இவர்கள் "வருகிறோம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். மாப்பிள்ளை மேஜையைப் பார்த்துவிட்டு டம்ளர்களை அடுக்கிக் கழுவ எடுத்துப் போனார். என்ன நடந்தது என்று கேட்டிருந்தால்கூடத் தேவலை. என் மகள்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பரவாயில்லப்பா, விடுங்க" என்றாள். அவளைக் கடல் தாண்டி அனுப்புவதற்கு நானே என் கையால் டம்ளர் டம்ளராக ஊற்றியிருக்கிறேன் என்று நினைக்க நினைக்கச் சோறு இறங்கவில்லை. உங்கள் விடுதி, உங்கள் பெயர், உங்கள் பிள்ளை, எல்லாவற்றையும் ஒரே மத்தியானத்தில் கவிழ்த்துவிட்டேனே என்ற வெட்கம் வேறு. இதை நான் மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் காலையில் நெட்டையார் தானாகவே நடந்து படியிறங்கி வந்தார். முகம் தெளிவாக இருந்தது. நிலைப்படியில் குனியவும் கற்றுக்கொண்டிருந்தார். வந்து உட்கார்ந்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து இத்தனூண்டு என்று சைகை காட்டி நீர்மோர் கேட்டார். நான் கொடுக்கப் போகவில்லை, என் மனைவி என்னைப் போக விடவில்லை. அவர் மோரை ருசித்துக் குடித்துவிட்டு, பையிலிருந்து ஒப்பந்தக் காகிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டு மாப்பிள்ளையிடம் கொடுத்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வழிகாட்டியம்மா எடுத்துச் சொன்னார்.

"ஊர் ஊரா போறாரு சார். எல்லா இடத்துலயும் விரலளவு ஊத்திக் கொடுத்துட்டு, மார்க் போடுவாரா மாட்டாரான்னு இவர் முகத்தையே பார்த்துக்கிட்டு இருப்பாங்களாம். நீங்க ஒருத்தர்தான் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லையாம். டம்ளரை மட்டும்தான் பார்த்தீங்களாம். இந்த மாதிரி இடத்துக்குத்தான் எங்க ஆளுங்களைக் கூட்டிட்டு வரணும்ங்கறாரு. ஆனா அவங்ககிட்ட டம்ளர்ல ஒரு வாய் மிச்சம் வைக்கச் சொல்லி முன்னாடியே எச்சரிக்கை பண்ணிடுவாராம்."

ஆகவே சம்பந்தி, உங்கள் விடுதி ஜெயித்துவிட்டது. மாப்பிள்ளை அன்றைக்கே அந்த வெளிநாட்டு ஹோட்டலுக்கு வரவில்லை என்று தகவல் அனுப்பிவிட்டார். நான் அழவில்லை என்று மாஸ்டர் சொன்னால் நம்புங்கள், அழுதேன் என்று சொன்னால் நம்ப வேண்டாம். இந்தச் சமயத்தில் ஒன்றை மட்டும் மனம்விட்டுச் சொல்கிறேன். பெற்றவளையும் பெண்டாட்டியையும் பிள்ளையையும் இங்கே விட்டுவிட்டு, யாரோ கூப்பிட்டார்கள் என்று அக்கரைக்கு ஓடுகிறவர்களை எனக்குப் புரிவதே இல்லை. அப்படி என்ன அங்கே கொட்டிக் கிடக்கிறது? நம் தண்ணீரைக் குடித்து, நம் மனுஷர்களோடு இருந்து, சாயங்காலம் மகள் வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வருகிற சுகத்தை எவன் தருவான்? கூப்பிட்டவுடன் பெட்டியைத் தூக்குகிற புத்தி நம் குடும்பத்தில் யாருக்கும் வேண்டாம் என்று மாப்பிள்ளைக்கும் சொல்லிவிட்டேன், அவரும் தலையாட்டினார்.

வெல்லம் மட்டும் சுத்தமாகத் தீர்ந்துவிட்டது, புதிதாகச் சொல்லியிருக்கிறேன். உங்கள் முழங்கால் சீக்கிரம் நேராகி, யார் கையையும் பிடிக்காமல் நீங்களே விடுதிப் படியேறி வர வேண்டும். சம்பந்தியம்மாளுக்கு எங்கள் அன்பும், மூத்த மகளுக்கும் மருமகனுக்கும் ஆசிகளும், பேரப்பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தமும். நீங்கள் வரும்வரை விடுதியை என் கண்போலப் பார்த்துக்கொள்கிறேன். இங்கிருந்து ஓர் அடி நகரமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள சம்பந்தி,
ஓய்வு பெற்ற தீயணைப்பு நிலைய அதிகாரி.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுகிற நேரத்தில் வழிகாட்டியம்மா போன் செய்தார். நெட்டையாரின் நிறுவனம் அவர்கள் நாட்டுத் தலைமை அலுவலகத்தில் நம் பானங்களுக்கென்றே ஒரு கூடம் திறக்கிறதாம். ஊற்றிக் கொடுக்க நான்தான் வர வேண்டுமாம், போக வர டிக்கெட் அவர்களே எடுப்பார்களாம். அவர் சொல்லி முடிப்பதற்குள் சரி என்றுவிட்டேன். ஆகையால் மேலே அக்கரைக்கு ஓடுகிறவர்களைப் பற்றி எழுதியிருக்கும் வரிகளை அடித்துவிட்டுப் படிக்கவும். உங்கள் சக்கரம் வைத்த பெரிய பெட்டி பரணில் இருப்பதாக மாப்பிள்ளை சொன்னார், எடுத்துக்கொள்ளலாமா என்று எழுதவும். எடுத்துத் துடைத்தாகிவிட்டது. என் மகள் முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் பெட்டியில் என் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டே, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எப்பப்பா திரும்பி வருவீங்க?" என்று கேட்டாள். இத்தனை நாளாக நான் அவளிடம் கேட்கப் பயந்துகொண்டிருந்த கேள்வி அது. பதறிப்போய் "ஒரு வாரம்தாம்மா" என்று சொல்லிவிட்டேன். நிறுவனம் கேட்டிருப்பது மூன்று மாதம். இதை நீங்கள்தான் மாமனார் என்கிற முறையில் அவளிடம் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும், நான் விமானம் ஏறின பிறகு.